9 பேர் ஓமஹா டோர்னமென்ட்: பப்பிளில் எந்தக் கையோடு இறங்குவது?

பட்டன்பக்கம் கேட்டது:

ஒரே டேபிள், 9 பேர், பாட் லிமிட் (நடுவுல கிடக்கிற பந்தயப் பணமான பாட் அளவுக்கு மேல ஏத்த முடியாத) ஓமஹா போக்கர். கையில நாலு சீட்டு, அதுல ரெண்டும் பொதுச் சீட்டுல மூணும் சேர்த்துத்தான் கை. ஹை மட்டும் (பெரிய கைக்கே பாட்). ஆளுக்கு 1500 சிப்ஸ், ப்ளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்னாடியே ரெண்டு பேர் போடுற கட்டாயப் பந்தயம், ஸ்மால்/பிக்) 10/20-ல ஆரம்பிச்சு 6 நிமிஷத்துக்கு ஒருமுறை ஏறும். பரிசு முதல் மூணு பேருக்கு 50/30/20 சதவீதம். ஹோல்டெம்ல இதே மாதிரி சின்ன டோர்னமென்ட்டை எப்படி ஆடணும்னு ஓரளவு தெரியும். ஆனா அந்தக் கணக்கு ஓமஹாவுல செல்லுபடி ஆகுற மாதிரி தெரியல. குறிப்பா பப்பிள்ல, அதாவது நாலு பேர் மிஞ்சி, இன்னும் ஒருத்தர் வெளிய போனா மத்த மூணு பேருக்கும் பரிசுங்கிற கட்டத்துல.

உதாரணத்துக்கு ஒரு கை. நாலு பேர், எல்லார்கிட்டயும் ஏறக்குறைய 3375. ப்ளைண்ட் 100/200. எனக்கு முன்னாடி இருக்கிறவர் பாட் அளவுக்கு 700 ரெய்ஸ். நான் பட்டன்ல (பொதுச் சீட்டு விழுந்தப்புறம் கடைசியா பேசுற இடம்). கையில ஏஸ், 10 இஸ்பேடு. கிங், குயின் ஆட்டின். டபுள் சூட்டட். பார்க்க அருமையான கை. திருப்பி பாட் ரெய்ஸ் பண்ணா 2400, மிச்சம் 975தான். அப்படியே உள்ளே போயிடலாமா? கால் மட்டும் (அவர் போட்டதை ஈடுகட்டுறது) பண்ணலாமா? இல்ல ஃபோல்டா (கையை விட்டுடுறதா)?

கூடவே, ஆரம்ப லெவல்கள்ல எவ்வளவு கை ஆடணும், 10 பிக் ப்ளைண்டுக்குக் கீழ வந்தா என்ன பண்ணணும்னும் சொன்னா நல்லது.

—

கணக்குப்புள்ளி:

முதலில் அந்தக் கை. நாலு பேரிடமும் சம சிப்ஸ் என்றால் பரிசுத் தொகையில் ஆளுக்கு 25 சதவீதப் பங்கு. நீங்கள் ஒருவரை வெளியேற்றி இரட்டிப்பானால் சிப்ஸ் 50 சதவீதம் ஆகிறது, ஆனால் பங்கு 50 ஆவதில்லை. 6750, 3375, 3375 என்று மூன்று ஸ்டாக் (ஆளுக்குரிய சிப்ஸ் இருப்பு) இருக்கும்போது பெரிய ஸ்டாக் முதலிடம் பிடிக்க 50 சதவீத வாய்ப்பு, இரண்டாமிடம் 33.3, மூன்றாமிடம் 16.7. பரிசோடு பெருக்கிக் கூட்டினால் 38.3 வரும். ஆக, 25-ஐப் பணயம் வைத்து 38.3-க்கு ஆடுகிறீர்கள். 25-ஐ 38.3-ஆல் வகுத்தால் 65. அதாவது 65 சதவீதம் ஜெயித்தால்தான் கையில் இருந்ததாவது திரும்பி வரும். நடுவில் கிடக்கும் ப்ளைண்ட் 300-ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 64. பெரிய மாற்றம் இல்லை.

இந்த 65 ஹோல்டெமில் கிடைக்கும். ஏஸ் ஜோடிக்கு எதிராகக் கிங் ஜோடி வந்தால் 80-ஐத் தாண்டும். ஓமஹாவில் இரண்டு நல்ல கைகள் மோதினால் 60-40 என்பதே ஒருதலைப்பட்சம்தான். சூட் எதுவும் பொருந்தாத ஏஸ்-ஏஸ்-9-4 போன்ற காய்ந்த கை, டபுள் சூட்டட் 10-9-8-7-க்கு எதிராகக் கிட்டத்தட்ட சரிபாதி. பப்பிளில் பாட் ரெய்ஸ் பண்ணுகிற ஆளுக்கு எதிராக உங்கள் ஏஸ்-கிங்-குயின்-10 55-ஐத் தொட்டாலே பெரிது. எனவே 2400-க்குத் திருப்பி ஏற்றுவது இருக்கிற மூன்று வழிகளில் மோசமானது. பாட் லிமிட் என்பதால் அது ஆல்-இன்கூட (மொத்த சிப்ஸையும் வைப்பது) இல்லை. அவர் ஃபோல்டு பண்ண வேண்டிய அழுத்தமும் வராது, நீங்கள் பின்வாங்கவும் முடியாது.

எந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் தேவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஸ்டாக்கும் சமம் என்ற அனுமானத்தில்: 9 பேர் இருக்கும் முதல் கையில் ஆல்-இன்னுக்கு 55. நாலு பேரில் 65. மூன்று பேராகி எல்லாரும் பரிசுக்குள் வந்துவிட்டால் 57. இருவர் மட்டும் என்றால் 50. முதல் கையிலேயே 55 தேவைப்படுவதைக் கவனியுங்கள். ஆரம்பத்திலேயே சமவாய்ப்பு ஆட்டத்தில் மொத்த ஸ்டாக்கையும் வைப்பதற்கு இங்கே நியாயமே கிடையாது. இரட்டிப்பான பிறகும் அந்த 9 பேர் ஆட்டத்தில் உங்கள் பங்கு 11.1-லிருந்து 20.3 வரைதான் ஏறுகிறது.

உங்கள் கைக்கு என் பதில்: ஃபோல்டு. பட்டனில் இருப்பதால் அதற்கு ஒரு சிப்கூடச் செலவில்லை.

—

ஜாக்பத்து:

ரீ-ரெய்ஸ் வேண்டாம்ங்கிறதுல மேலே சொன்னவரோட ஒத்துப்போறேன். ஆனா ஃபோல்டுன்னு சொன்னதுல இல்ல. பட்டன்ல இந்தக் கையைத் தூக்கிப் போடுறது ரொம்பப் பயந்த ஆட்டம். கால் பண்ணுங்க.

ப்ளைண்ட் ரெண்டு பேரும் ஒதுங்கிட்டாங்கன்னு வையுங்க. ஃப்ளாப் (முதல் மூணு பொதுச் சீட்டு) வரும்போது பாட் 1700, உங்ககிட்ட மிச்சம் 2675. ஃப்ளாப்ல ஒண்ணும் கிடைக்காம விட்டுட்டாலும் 13 பிக் ப்ளைண்டுக்கு மேல கையில இருக்கு. பங்கு கணக்குல பார்த்தா 25-லேர்ந்து 21.5-க்கு இறங்குவீங்க. அவரை விட வச்சு அந்தப் பாட்டை எடுத்தா 29.4-க்கு ஏறுவீங்க. போறது 3.5, வர்றது 4.4. கடைசியா பேசுற இடம் உங்களோடது. இந்தக் கைக்கு அது போதும்.

அதுக்கப்புறம் எந்த ஃப்ளாப்ல மொத்தமும் போடணும்ங்கிறதுதான் விஷயம். ஜாக், 9 இஸ்பேடு, கூட ஒரு டைமன் 3 வந்தா? ஸ்ட்ரெயிட்டுக்கு (தொடர்ச்சியா அஞ்சு எண்) கிங் 3, குயின் 3, 10 மூணு, எட்டு 4, ஆக 13 சீட்டு. எல்லாமே அந்த நேரத்துல உச்ச ஸ்ட்ரெயிட். இஸ்பேடு ஃப்ளஷுக்கு (ஒரே சூட்ல அஞ்சு) 9 சீட்டு, அதுல கிங், குயின், எட்டு ஏற்கெனவே எண்ணியாச்சு, மிச்சம் 6. மொத்தம் 19 அவுட் (கையை முடிச்சுத் தர்ற சீட்டு). ரிவருக்குள்ள (கடைசிப் பொதுச் சீட்டுக்குள்ள) விழுற வாய்ப்பு 67 சதவீதம். அவர் கையில செட் (கை ஜோடியோட பொதுச் சீட்டுல ஒண்ணு சேர்ந்து மூணு) இருந்தா போர்டு (பொதுச் சீட்டுகள்) ஜோடியாகி உங்களை அடிக்கலாம், அதனால நிஜத்துல இதைவிடக் குறையும். ஆனாலும் இங்க நீங்க முதல்ல தள்ளுற ஆளா இருந்தா தள்ளுங்க. ஒரே ஜோடி ஆளுங்க பப்பிள்ல ஓடுவாங்க.

கிங்-8-7 வந்து கையில டாப் பேர் (போர்டோட பெரிய சீட்டுல ஜோடி) மட்டும் இருந்தா? அவர் பெட் போட்டா ஃபோல்டு. ஹோல்டெம்ல டாப் பேர் ஏஸ் கிக்கர்னா (துணைச் சீட்டு ஏஸ்னா) சண்டை போடுவோம். ஓமஹாவுல அதுக்குப் பேரு வெறும் ஜோடி. இதுவும் ஆட்டின் ஃப்ளஷும் ரெண்டும் பொறி: உங்க ஆட்டின்ல கிங்தான் பெருசு, ஏஸ் வேற யார்கிட்டயோ இருக்கலாம்.

—

கணக்குப்புள்ளி:

3.5-க்கு 4.4 என்ற கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பின்னால் இருக்கும் ப்ளைண்ட் இருவரும் ஒதுங்கினால்தான். பிக் ப்ளைண்டுக்கு 500 போட்டால் 1700 பாட் என்ற விலை கிடைக்கிறது. நாலு சீட்டில் ஏதாவது இருந்தால்கூட வந்துவிடுவார். மூன்று பேர் ஃப்ளாப்பில் டாப் பேர், கட்ஷாட் (நடுவில் ஒரு எண் மட்டும் குறையும் ஸ்ட்ரெயிட்) எல்லாம் காற்றில் போகும். பிக் ப்ளைண்ட் விட்டுக்கொடுக்கிற ஆள் என்றால் கால், இல்லையென்றால் ஃபோல்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆரம்ப லெவல் பற்றிக் கேட்டதற்கு: 75 பிக் ப்ளைண்ட் இருக்கும்போது பாட் ரெய்ஸ் என்பது 10/20-ல் 70. பிக் ப்ளைண்ட் மட்டும் கால் பண்ணினால் பாட் 150, பின்னால் 1430. பாட்டைப் போல ஒன்பதரை மடங்கு பின்னால் கிடக்கிறது. இந்த ஆழத்தில் நட்ஸுக்கு (அந்தப் போர்டில் யாரும் வெல்ல முடியாத உச்சக் கைக்கு) போகும் கைக்கு மட்டுமே மதிப்பு: ஏஸோடு சேர்ந்த சூட், இடைவெளி இல்லாத பெரிய வரிசை, டபுள் சூட்டட் ஜோடிகள். கிங்-கிங்-7-2 நாலு சூட்டில் வந்தால் அது கிங் ஜோடி அல்ல, கூட இரண்டு செத்த சீட்டு. ஒரே எண் மூன்று வந்தால் (9-9-9-ஏதோ) உங்கள் செட்டுக்கான சீட்டை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள், தூக்கிப் போடவும். சின்ன ஜோடியில் செட் விழுந்தால் அதைவிடப் பெரிய செட் எதிரில் இருப்பது இங்கே அபூர்வம் அல்ல.

ஏஸ் ஜோடி கிடைப்பது கிட்டத்தட்ட 39 கைக்கு ஒருமுறை (2,70,725 சேர்க்கைகளில் 6961). அதற்காகக் காத்திருப்பதும் தப்பு, வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதும் தப்பு. ஃப்ளாப்புக்கு முன்பே ஸ்டாக்கில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகும் என்றால் ஏற்றுங்கள். போகாது என்றால் கால் பண்ணி ஃப்ளாப்பைப் பாருங்கள். 75 பிக் ப்ளைண்டில் ஒருவர் 3.5-க்கு ஏற்றி, இன்னொருவர் 12-க்கு ஏற்றி, உங்களிடம் ஏஸ் ஜோடி வந்தால் அடுத்த பாட் ரெய்ஸ் 37-ஐத் தாண்டும். அது பாதி ஸ்டாக், போகலாம். வெறும் 3.5 ரெய்ஸுக்கு எதிராக 12-க்கு ஏற்றினால் ஏஸ் ஜோடி என்று அறிவிப்புப் பலகை வைத்த மாதிரிதான். பின்னால் 63 பிக் ப்ளைண்ட் மிச்சமிருக்க, எதிரி ஃப்ளாப் பிடித்தால் மட்டும் உங்களிடம் பணம் வாங்குவார்.

—

ஒன்பதுமேல்எட்டு:

ஆரம்ப லெவல்ல பெரும்பாலான பேர் வெளிய போறது ராப் டிராவ்லதான் (போர்டைச் சுத்தி நிறைய சீட்டு ஸ்ட்ரெயிட்டை முடிச்சுத் தர்ற கை), அதைப் பத்தி யாரும் சொல்லல. அவுட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீங்க. ஃப்ளாப் 9-8-2, மூணும் வேற சூட்.

கையில குயின்-ஜாக்-10, கூட ஒண்ணுக்கும் உதவாத ஒண்ணு. அவுட்: குயின் 3, ஜாக் 3, பத்து 3, ஏழு 4. மொத்தம் 13. எது விழுந்தாலும் அதுதான் நட்ஸ்.

கையில 7-6-5, கூட உதவாத ஒண்ணு. அவுட்: பத்து 4, ஏழு 3, ஆறு 3, ஐந்து 3. இதுவும் 13. ஆனா பத்து விழுந்தா குயின்-ஜாக் உங்களை அடிக்கும், ஏழு விழுந்தா ஜாக்-10 அடிக்கும், ஆறு விழுந்தா 10-7 அடிக்கும். நட்ஸ் ஆகுறது ஐந்து மட்டும். 13-ல 3.

ரெண்டுக்கும் ரிவருக்குள்ள விழுற வாய்ப்பு ஒரே 50 சதவீதம். ஒண்ணு ஸ்டாக் வாங்கித் தரும், இன்னொண்ணு ஸ்டாக்கைக் கொடுத்துட்டு வரும். போர்டுக்கு மேல சுத்துற ராப் வேணும், கீழ சுத்துற ராப் வேண்டாம்.

ஜாக்-10-7-6 வந்தா ரெண்டு பக்கமும் சுத்தும், 20 அவுட், 70 சதவீதம். அதுலயும் ஜாக் 3, பத்து 3 விழுந்தா உங்களோடது நட்ஸ் இல்ல. சுத்தமான நட்ஸ் 14. ஆழமான ஸ்டாக்ல இந்த வித்தியாசம்தான் எல்லாம். ஸ்டாக் பாட் அளவுக்குச் சுருங்கிட்டா வித்தியாசம் பாதி மறைஞ்சுடும், அப்ப 20 அவுட்டோட தாராளமா போடலாம்.

—

ஸ்டாப்கோ:

10 பிக் ப்ளைண்ட் கேள்விக்கு வர்றேன். ஹோல்டெம் பழக்கத்துல எல்லாரும் ஃப்ளாப்புக்கு முன்னாடியே உள்ளே தள்ளுறாங்க. இங்க அது ரெண்டு காரணத்தால வேலை செய்யாது. ஒண்ணு, நீங்க முதல் ஆளா ஏத்தினா அதிகபட்சம் 3.5 பிக் ப்ளைண்டுதான் போகும், அதுக்கு மேல விதி விடாது. ரெண்டு, பிக் ப்ளைண்டுக்கு 2.5 போட்டு 5-ஐப் பிடிக்கிற விலை, 33 சதவீதம் இருந்தா போதும். நாலு சீட்டுல அது இல்லாத கை ரொம்பக் கம்மி. ப்ளைண்ட் திருடுறதுன்னு ஒண்ணு ஓமஹாவுல பாதிதான் இருக்கு.

பிக் ப்ளைண்ட்ல உங்ககிட்ட மொத்தம் 10 இருக்கு (போட்ட 1-ஐயும் சேர்த்து). பட்டன் 3.5-க்கு ஏத்துறார், ஸ்மால் ப்ளைண்ட் ஃபோல்டு.

வழி அ: உடனே ஆல்-இன். பாட்ல 14 இருக்கு, அவர் 6.5 போடணும். 32 சதவீதம் இருந்தா அவருக்குக் கால் சரி. ஃப்ளாப்புக்கு முன்னாடி 32-க்குக் கீழ அவர் இருக்கவே மாட்டார். ஃபோல்டு வராது.

வழி ஆ: 2.5 கால் பண்ணுங்க. பாட் 7.5, உங்ககிட்ட 6.5. ஃப்ளாப் எதுவானாலும் நீங்கதான் முதல்ல பேசணும், உடனே 6.5-ஐப் போடுங்க. இப்பவும் அவர் 6.5 போட்டு 14-ஐப் பிடிக்கணும். விலை அதே 32. ஆனா இப்ப அவர் மூணு சீட்டைப் பார்த்துட்டார். அவர் கையில 10-9-8-6, ஃப்ளாப் கிங்-கிங்-4 வந்தா அவருக்கு 32 எங்கேர்ந்து வரும்? விட்டுடுவார். அதே விலைக்கு அவருக்குத் தப்பு செய்ய ஒரு வாய்ப்பு கொடுக்கிறீங்க, அவ்வளவுதான்.

இதைப் போர்டு பார்த்து நிறுத்துறதா இருந்தா ரெண்டே இடம்: 9-8-7 மாதிரி கோர்த்த ஃப்ளாப், இல்ல மூணும் ஒரே சூட். அங்க நீங்க தவறவிட்டா அவர் தவறவிட்டிருக்க மாட்டார். மத்ததுல கை மோசமானாலும் போடுங்க. 14 பிக் ப்ளைண்டுக்கு மேல இருந்தா இந்த உத்தி வேண்டாம். ஃப்ளாப்ல மிச்சம் 10.5, பாட் 7.5, பாட் மட்டுமே போட முடியும், முழுசா உள்ளே போக முடியாம மாட்டிக்குவீங்க.

நீங்களே முதல்ல ஏத்துற ஆளா இருந்தா 10-12 பிக் ப்ளைண்ட்ல பாட் ரெய்ஸ், 18-25-ல 2 அல்லது 2.25. பெரிய ஸ்டாக்ல பாட் ரெய்ஸ் பண்ணிட்டு ரீ-ரெய்ஸ் வந்ததும் விடுறது, அந்த அளவு ஸ்டாக்ல செய்யக்கூடிய மோசமான விஷயம்.

3.5 பிக் ப்ளைண்டுக்குக் கீழ இறங்கிட்டா அப்ப பாட் ரெய்ஸே ஆல்-இன். அது வரைக்கும் இறங்க விடாதீங்க, அந்த அளவுல உங்களைப் பார்த்து யாரும் ஃபோல்டு பண்ண மாட்டாங்க.

—

பட்டன்பக்கம்:

ஸ்டாப்கோ, கால் பண்ணிட்டு ஃப்ளாப்ல போடுறது ஸ்மால் ப்ளைண்ட்லயும் செய்யலாமா? அப்புறம் கணக்குப்புள்ளி சார், 6 பேர் டேபிள், 65/35 பரிசுன்னா பப்பிள் கணக்கு மாறுமா? பக்கத்துலயே ஹை-லோ டேபிளும் ஓடுது, அதுவும் இதே மாதிரியா?

—

ஸ்டாப்கோ:

ஸ்மால் ப்ளைண்ட்ல செய்யலாம், ஆனா பிக் ப்ளைண்ட் பின்னாடி உட்கார்ந்திருக்கார். அவரும் கால் பண்ணா மூணு பேர் ஃப்ளாப், ரெண்டு பேரையும் ஓட்டணும். அவர் குறைஞ்ச ஸ்டாக்ல இருந்தா சுத்தமா வேண்டாம். ஸ்மால் ப்ளைண்ட்ல இருந்து மத்தவங்க எல்லாம் ஃபோல்டு பண்ணிட்டா பாட் ரெய்ஸ் 3 பிக் ப்ளைண்டுதான் வரும், 3.5 இல்ல. அந்த இடத்துல சும்மா லிம்ப் பண்ணி (ஏத்தாம ப்ளைண்டை மட்டும் ஈடுகட்டி) ஃப்ளாப்ல முதல்ல அடிக்கிறது நல்ல ஆட்டம்.

—

கணக்குப்புள்ளி:

6 பேர், 65/35: பப்பிள் மூன்று பேரில் வரும். சம ஸ்டாக்கில் பங்கு 33.3, இரட்டிப்பானால் 55. தேவை 61. 9 பேர் டேபிளைவிடக் கொஞ்சம் தளர்வு, ஆனால் ஏஸ்-கிங்-குயின்-10 இன்னும் உள்ளே வராது. இரண்டு சூட்டும் பொருந்திய ஏஸ் ஜோடி வரும். மேலே எல்லாமே சம ஸ்டாக்குக்கு. உங்களைவிடச் சின்ன ஸ்டாக் ஒருவர் 4 பிக் ப்ளைண்டோடு திணறிக்கொண்டிருந்தால் 65-ம் போதாது, அவர் வெளியேறும் வரை எதிலும் இறங்காதீர்கள். எதிரியின் ஸ்டாக் உங்களுடையதில் மூன்றில் ஒன்று என்றால் நேர்மாறு: தோற்றாலும் ஆட்டத்தில் இருப்பீர்கள், 55-லேயே கால் பண்ணலாம்.

—

காலணாபாட்:

ஹை-லோ (பெரிய கைக்கும் சின்னக் கைக்கும் பாட்டைப் பாதிப் பாதியாப் பிரிக்கிறது) வேற ஆட்டம், இந்தக் கணக்கை அங்க கொண்டு போகாதீங்க. ஏஸ்-2 கையில இருக்குன்னு பாட்டைப் பெருக்குறதுதான் அங்க நடக்கிற பொதுத் தப்பு. லோ ஆக போர்டுல எட்டுக்கு உட்பட்ட மூணு வேற வேற எண் வேணும். அது வந்து, எதிரியும் ஏஸ்-2 வச்சிருந்தா லோவைப் பங்கு போடணும். ரெண்டு பேர் ஆளுக்கு 1000 போட்டு பாட் 2000, அவர்கிட்ட ஹையும் இருந்தா உங்களுக்கு வர்றது 500. உச்ச லோ பிடிச்சும் 500 நஷ்டம். மூணு பேர் இருந்தா 3000-ல நாலுல ஒரு பங்கு 750, அப்பவும் 250 போகும். ஏஸ்-2-வோட 3 இருக்கணும், ஏஸுக்கு ஒரு சூட் இருக்கணும். ரெண்டு பக்கமும் ஜெயிக்க வழி இல்லாத கையை ஸ்டாக் 15 பிக் ப்ளைண்டுக்குக் கீழ போனப்புறம் ஆடவே வேண்டாம்.